ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை

2017 பிப்ரவரி முதல் வாரத்தில் மகளின் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. ஒன்றாம் வகுப்பு டைரிக்குள் நான்காக மடித்து வைத்திருந்தாள். அரசு நடத்தும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம். ஒன்பது மாதம் முடிந்த குழந்தையிலிருந்து பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை எல்லோருக்கும் ஓர் ஊசி. ஏற்கெனவே போட்டிருந்தாலும் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். கீழே இரண்டு கட்டங்கள்: சம்மதம், சம்மதமில்லை.

நான் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். யோசிக்கவே இல்லை. தி.நகரில் எங்கள் குழந்தை மருத்துவரிடம் இரண்டு தவணை எம்.எம்.ஆர். போட்டாயிற்று, பதினைந்தாம் மாதத்தில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று. ஃபைலில் ஸ்டிக்கரோடு இருக்கிறது. எதற்கு மூன்றாவதாக ஒன்று?

அந்த மாதம் சென்னை இருந்த இருப்பையும் சொல்ல வேண்டும். வர்தாவில் விழுந்த மரங்களின் அடிக்கட்டைகள் அடையாறு நடைபாதைகளில் அப்படியே நின்றன. மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்டு இரண்டு வாரம். முதலமைச்சர் யார் என்ற கேள்விக்குத் தினம் ஒரு பதில். எதையும் யாரும் நம்பாத நேரம் அது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு வெளிநாட்டுக் கை இருப்பதாகச் சொன்னால் தலையாட்டிவிடுவார்கள். பள்ளித் தாய்மார்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு குரல்பதிவு சுற்றியது. இந்த ஊசி போட்ட பெண்களுக்குப் பின்னால் பிள்ளை பிறக்காதாம். நான் அதை நம்பவில்லை. ஆனால் மறுத்தும் ஒரு வரி எழுதவில்லை. என் பெண்ணுக்குத்தான் போட்டாயிற்றே.

நான்கு நாள் கழித்து, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருபவர் கேட்டார்.

"இன்னாக்கா, உம் பொண்ணுக்கு ஊசி வேணாம்னு எழுதிக் குட்துட்டியாமே?"

ஃபோனில் நான் யாரிடமோ சொன்னதைக் கேட்டிருக்கிறார். ஆமாம், ஏற்கெனவே போட்டாச்சு என்றேன்.

"அதான். படிச்சவங்க நீங்களே வேணான்னா அதுல இன்னாமோ கீதுன்னுட்டு, நானும் எம்பொண்ண அன்னிக்கு இஸ்கூலுக்கே அனுப்பல."

அவர் மகளுக்குப் பதினான்கு வயது. மாநகராட்சிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கு எந்த எம்.எம்.ஆரும் போட்டதில்லை. அன்றைக்கு வரை அரசு அட்டவணையில் தட்டம்மைக்கு ஊசி உண்டு, ரூபெல்லாவுக்குக் கிடையாது. ரூபெல்லா ஊசி காசு கொடுத்து வாங்குகிறவர்களின் பண்டம்.

நான் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தில் கடைசி அலகு தொற்றுநோய் மாதிரிகள். ஊரை மூன்று பெட்டிகளாகப் பிரிப்பது: இனிமேல் தொற்றக்கூடியவர்கள், இப்போது தொற்றோடு இருப்பவர்கள், வந்து தேறியவர்கள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு ஆட்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கிறார்கள் என்று மூன்று சமன்பாடு. 1927இல் கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்ற இருவர் எழுதியது. மெக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிலையத்தை நடத்தியவர். 1905-06இல் பம்பாயில் பிளேக் வந்தபோது வாராவாரம் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கைத்தான் தங்கள் வளைகோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அலகு தேர்வில் எட்டு மதிப்பெண்ணுக்கு வரும். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுப்பான் என்பது ஆர்-நாட். அது ஆறு என்றால் ஆறில் ஐந்து பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் நோய் அணைந்துவிடும். இதைப் பதின்மூன்று வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு வாசகத்தையும் சேர்த்துச் சொல்வேன்: அந்த அளவை எட்ட முடியாவிட்டாலும் பரவாயில்லை, போட்டவரைக்கும் லாபம்.

ரூபெல்லா விஷயத்தில் அந்த வாசகம் தப்பு. அதை அந்தப் பிப்ரவரியில்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் பதினைந்து வயது என்பதை எதற்காக வைத்தார்கள் என்று பாத்திரம் தேய்ப்பவருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போனதால்.

ரூபெல்லா என்ற பெயர் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. நாங்கள்தான் அதை அந்தப் பெயரால் அழைத்ததில்லை.

என் அக்கா 1980 புரட்டாசியில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் பிறந்தாள். இடது கண்ணின் நடுவில் அரிசிக்குருணை அளவு வெள்ளை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். பார்வை வெளிச்சம் தெரியும் அளவுக்கு மட்டும் வந்தது. காது கேட்கவில்லை என்பது தெரிய இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. குக்கர் விசில் அடித்தும் திரும்பவில்லையாம். மயிலாப்பூர் கிளார்க் பள்ளியில் படித்தாள். இப்போது தட்டச்சு வேலை பார்க்கிறாள். என்னைவிட நன்றாகக் கணக்கு வரும்.

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை, சூரிய கிரகணம். ஆந்திரா, கர்நாடகப் பக்கம் முழுக் கிரகணம். மெட்ராஸில் பெரும்பகுதி மறைந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்த நாள். அம்மாவுக்கு நாள் தள்ளிப்போய்ச் சில வாரம்தான். மாடவீதிக்குப் பின்னால் ஒண்டுக்குடித்தனத்தின் உள்ளறையில் தர்ப்பையைப் பக்கத்தில் வைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். கிரகணம் விட்டுக் குளிக்க எழுந்தபோதுதான் பாட்டி பார்த்தாள், அம்மாவின் புடவைத் தலைப்பில் ஒரு ஊக்கு. கிரகணத்தில் கர்ப்பிணி ஊசி, ஊக்கு, கத்தி எதையும் தொடக் கூடாது. குழந்தையின் கண்ணில் அந்த வெள்ளைப் புள்ளியைக் கண்டதும் பாட்டி சொன்னது ஒரு வார்த்தைதான்: "ஊக்கு." அதற்குப் பிறகு அம்மா ஊக்கு குத்திக்கொண்டதே இல்லை. கல்யாண வீடுகளில் தலைப்பைக் கையால் பிடித்துக்கொண்டே நிற்பாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அடுத்த கிரகணம் எனக்கு. 2010 ஜனவரி 15, கனுப்பொங்கல். ராமேஸ்வரம், கன்னியாகுமரியில் கங்கணமாகத் தெரிந்தது, சென்னையில் பாதிக்கு மேல் மறைந்தது. நான் மூன்றாம் மாதம். காலையில் கனுப்பிடி வைத்த கையோடு அம்மா என்னை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவலுக்கு உட்கார்ந்தாள். உள்ளே என்னிடம் ஒரு ஊக்குகூட இல்லை என்பதை மூன்று முறை சோதித்தாள். அதற்கு முந்தின வாரம்தான் தி.நகர் மகப்பேறு மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார், டார்ச் டெஸ்ட் என்று. அதில் ஒரு வரி ரூபெல்லா ஐ.ஜி.ஜி. எனக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. எப்போதோ ஒரு சின்ன வயதுக் காய்ச்சலில் வந்து போயிருக்க வேண்டும். "உங்களுக்குக் கவலையில்லை" என்றார் மருத்துவர். ஒரே வாரத்தில் இரண்டு காவல். இரண்டும் ஒரே விஷயத்துக்கான காவல் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

ரூபெல்லாவைத் தமிழில் ஜெர்மன் தட்டம்மை என்பார்கள். குழந்தைக்கு வந்தால் வியாதி என்றே சொல்ல முடியாது. லேசான காய்ச்சல், காதுக்குப் பின்னால் சின்ன நெறி, மூன்று நாள் சிவப்புத் தடிப்பு. பலருக்கு அதுவும் இருக்காது, வந்ததே தெரியாமல் போய்விடும். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் தாய்க்கு வந்தால்தான் அதன் இன்னொரு முகம் தெரியும். கரு கலைந்து போகலாம். நின்று பிறந்தால் கண்ணில் புரை, காதில் செவிடு, இதயத்தில் கோளாறு, மூன்றில் ஒன்றோ எல்லாமோ. முதலில் கண்டுபிடித்தவர் ஒரு கண் மருத்துவர், சிட்னியின் நார்மன் கிரெக், 1941இல். புரையோடு வந்த கைக்குழந்தைகளின் தாய்மார்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே கர்ப்பத்தில் இந்தத் தடிப்பு வந்திருந்தது. 1964-65இல் அமெரிக்காவில் வந்த பெருந்தொற்றில் சுமார் 20,000 குழந்தைகள் இப்படிப் பிறந்தார்கள். நம் ஊரில் இதைத் தேடியவர்களும் கண் மருத்துவர்கள்தான். மதுரை அரவிந்தில் புரையோடு வந்த 366 குழந்தைகளைப் பார்த்து 1996இல் வெளிவந்த ஆய்வில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக் காரணம் ரூபெல்லா. அதே சமயத்தில் கைக்குழந்தையின் எச்சிலை வைத்தே இந்தத் தொற்றை உறுதிசெய்யலாம் என்றும் மதுரையில் காட்டினார்கள்.

அதைப் படித்த இரவு அக்காவின் பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். எங்கும் ரூபெல்லா என்று எழுதியிருக்கவில்லை. 1980இல் யார் பரிசோதித்திருக்கப் போகிறார்கள். ஒற்றைக் கண்ணில் புரை, இரண்டு காதும் செவிடு. அவ்வளவுதான் இருந்தது.

இனிக் கணக்குக்கு வருகிறேன். மறுநாள் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டுப் பலகையில் போட்டது இது. படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல் அளவுதான்.

தடுப்பூசியே இல்லாத ஊரில் ரூபெல்லா சராசரியாக எட்டு வயதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பெண் குழந்தைகள். பெரும்பாலோருக்குப் பள்ளி முடிவதற்குள் வந்து போய்விடும். 82 பேர் மட்டும் இருபது வயதுவரை தப்பியிருப்பார்கள். இருபதிலிருந்து முப்பதுக்குள், பிள்ளை பெறுகிற அந்தப் பத்து வருஷத்தில், 59 பேருக்கு வரும். இந்த 59தான் நமக்கு வேண்டிய எண். மற்ற தொள்ளாயிரத்துச் சொச்சம் பேருக்கு வந்ததைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

இப்போது பிறக்கிற குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஊசி போடுகிறோம். ஊசி போட்ட ஐந்நூறு பேர் தப்பித்தார்கள். மீதி ஐந்நூறு பேருக்கு என்ன ஆகும்? ஊரில் வைரஸ் நடமாட்டம் பாதியாகிவிட்டது. ஆகவே அது ஒரு குழந்தையை வந்து தொட இரண்டு மடங்கு காலம் எடுத்துக்கொள்கிறது. சராசரி வயது எட்டு இல்லை, பதினாறு. அந்த ஐந்நூறில் 143 பேர் இருபது வயதுவரை தப்பிவிடுகிறார்கள். இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே 67 பேருக்கு வருகிறது.

59 அல்ல, 67. பாதி ஊருக்கு ஊசி போட்டு, மொத்த நோயாளிகளைப் பாதிக்குமேல் குறைத்து, கர்ப்பிணிகளிடம் மட்டும் நோயை அதிகமாக்கியிருக்கிறோம்.

பின்பெஞ்சில் ஒரு பையன், "அப்ப கொஞ்சமாப் போட்டா?" என்று கேட்டான். நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் போட்டால் 66. முப்பது பேருக்குப் போட்டால் 71, அதையொட்டித்தான் இருப்பதிலேயே மோசமான இடம். எண்பதுக்குப் போனால் எண் 27க்குச் சரிகிறது. வளைகோடு முதலில் ஏறி, முதுகு வளைந்து, பிறகுதான் இறங்குகிறது. தட்டம்மை ஊசியைக் குறைந்தது எண்பது சதவீதம் பேருக்குப் போட்டுக் காட்டுகிற நாடுகள்தான் ரூபெல்லாவைச் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் சொன்னது இதனால்தான். என் பலகைக் கணக்கு கரடுமுரடானது. உண்மையான மாதிரிகளில் வயதுவாரியான தொடர்பு, பிறப்பு விகிதம் எல்லாம் உண்டு. ஆனால் அந்த முதுகு அவற்றிலும் இருக்கும்.

இது காகித பயம் அல்ல. கிரீஸில் 1975 வாக்கில் எம்.எம்.ஆர். ஊசி புழக்கத்துக்கு வந்தது. எல்லோருக்கும் போட வேண்டும் என்ற திட்டமோ கட்டாயமோ இல்லை. எண்பதுகள் முழுக்கப் பாதிப் பேர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. நோய் குறைந்தது போலத்தான் இருந்தது. சிறுவயதில் வரவேண்டியது வராமல் வளர்ந்த ஒரு தலைமுறை கல்யாணம் செய்துகொண்டது. 1993இல் ரூபெல்லா வந்தபோது வாலிபர்களைத்தான் பிடித்தது. அந்த வருஷம் 25 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தது உறுதிசெய்யப்பட்டது. சின்ன நாட்டில் அது பெரிய எண்.

கணக்குக்காரர்கள் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். அமெரிக்கா 1969இலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டு வைரஸையே விரட்டப் பார்த்தது. பிரிட்டன் 1970இலிருந்து பள்ளிக்கூடப் பெண்களுக்கு மட்டும், பதினொன்று பன்னிரண்டு வயதில் போட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு இயல்பாக வந்து போகட்டும், தப்பிய பெண்களை மட்டும் பிடித்துக்கொள்வோம் என்ற யோசனை. எது சரி? 1980இல் நாக்ஸ், 1983இல் ஆண்டர்சனும் மேயும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: எத்தனை பேருக்குப் போட முடியும் என்பதைப் பொறுத்தது. நிறையப் பேருக்கு முடியும் என்றால் அமெரிக்க வழி. முடியாதென்றால் பிரிட்டிஷ் வழி. அரைகுறையாக அமெரிக்க வழியில் போவது ஆபத்து. பிரிட்டன் 1988இல்தான் எல்லாக் குழந்தைகளுக்கும் எம்.எம்.ஆர். என்று மாறியது. இலங்கை 1996இல் பெண்களில் தொடங்கி, பிறகு குழந்தைகளுக்கு விரித்து, 2020இல் ரூபெல்லாவை ஒழித்துவிட்டதாகச் சான்று பெற்றது.

இங்கே ஒரு மயிலாப்பூர்த் துணுக்கு. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தை, நாங்கள் மேட்சயின்ஸ் என்போம், 1962இல் தொடங்கிய அல்லாடி ராமகிருஷ்ணன் மான்செஸ்டரில் பார்ட்லெட்டிடம் ஆராய்ச்சி செய்தவர். அதே பார்ட்லெட்தான் 1957இல், தட்டம்மை ஓர் ஊரில் அணையாமல் தொடர அந்த ஊரில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று கேட்டு, ஏறக்குறைய இரண்டரை மூன்று லட்சம் என்று கண்டவர். ராமகிருஷ்ணனின் ஏகாம்ர நிவாஸில் நடந்த கருத்தரங்குகளுக்கு வந்தவர்கள் பேசியது பெரும்பாலும் துகள் இயற்பியல். அம்மைக்கணக்கு அந்த வீட்டு வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பலகையை அழிக்கும்போது அந்த 66 மட்டும் கண்ணில் நின்றது. நூற்றுக்குப் பதினைந்து என்று சும்மா ஓர் எண்ணாகத்தான் போட்டேன். ஆனால் அது யார்? அரசு அட்டவணையில் இல்லாத ஊசியைக் காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட நாங்கள்தான். தி.நகர், மயிலாப்பூர், அடையாறு கிளினிக்குகளில் வருஷக்கணக்காக எங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டோம். எங்கள் பிள்ளைகள் வைரஸின் வழியிலிருந்து விலகிக்கொண்டார்கள். அது ஒவ்வொரு பிள்ளை விலகும்போதும், விலக முடியாத பிள்ளைகளை வந்து தொடும் வயது கொஞ்சம் தள்ளிப்போகிறது. ஏழாம் வயதிலிருந்து பத்துக்கு, பத்திலிருந்து பதினான்குக்கு, பத்தொன்பதுக்கு. யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஒரு மருத்துவரும் தப்பாக எழுதிக் கொடுக்கவில்லை. என் மகளுக்குப் போட்டது நல்ல ஊசிதான், மறுபடியும் போடுவேன். ஆனால் பாத்திரம் தேய்ப்பவரின் மகள் பதினான்கு வயதில் ரூபெல்லா வராமல் இருக்கிறாள் என்றால், அந்த அதிர்ஷ்டத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. அந்த அதிர்ஷ்டம் கல்யாணம்வரைதான்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. நானே வகுப்பில் சொன்னேன். என் கணக்கு ஊரில் யாரும் யாரையும் சமமாகச் சந்திப்பதாக எண்ணிக்கொள்கிறது. மெட்ராஸ் அப்படி இல்லை. என் மகள் பள்ளி வேனில் போகிறாள், அவள் மாநகராட்சிப் பள்ளிக்கு நடந்து போகிறாள். இரண்டு கூட்டமும் தனித்தனியாக இருந்தால் எங்கள் ஊசி அவர்கள் வயதை நகர்த்தாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து என் மகளுக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுக்கிறாள். தீபாவளிக்கு முன் ரங்கநாதன் தெருவிலும், அறுபத்துமூவர் அன்று மாடவீதியிலும் யார் மூச்சு யாருக்குப் போகிறது என்று எந்த அட்டவணையில் எழுதுவது? உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. நம் நாட்டில் இதை அளக்கக் கண்காணிப்பே தாமதமாகத்தான் வந்தது. வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட சில மருத்துவமனைகளில் பிறவி ரூபெல்லாவை முறையாகத் தேடத் தொடங்கியது 2016இல். 2017இல் அந்த மருத்துவமனைகளில் 1,800 கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். நூற்றுக்கு 83 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஆறில் ஒருவருக்கு இல்லை.

பதினைந்து வயது எதற்கு என்பதும் இப்போது விளங்கியது. பிறக்கிற குழந்தைகளுக்கு மட்டும் போட ஆரம்பித்தால், ஏற்கெனவே பிறந்து இன்னும் வராமல் இருக்கும் ஏழு வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அந்த வளைகோட்டின் முதுகில் ஏறிக்கொண்டு தாய்மை வயதுக்குள் நுழைவார்கள். அதனால் முதலில் பதினைந்துக்குக் கீழே உள்ள அத்தனை பேரையும் ஒரே வீச்சில் வழித்தெடுத்துவிட்டு, அதன் பிறகு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியின் இடத்தில் இந்தக் கூட்டு ஊசியை வைப்பது. அதற்கு மேல் வயதுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கும். தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றேமுக்கால் கோடிப் பிள்ளைகள். முன்பே போட்டவர்களுக்கும் ஏன்? ஒன்றேமுக்கால் கோடி ஃபைல்களைத் திறந்து ஸ்டிக்கர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதல் ஊசி பிடிக்காமல் போனவர்களையும் இது பிடித்துக்கொள்ளும். என் மகளுக்குப் பெரிய பலன் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் பள்ளி வரிசையில் அவள் நிற்கவில்லை என்பதை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். அதற்கான உறுப்பு என் மூன்று சமன்பாட்டில் எங்கும் கிடையாது.

தாளைத் திருத்திக் கொடுக்கப் போனேன். பள்ளியில் முகாம் நாள் முடிந்திருந்தது. நல்லவேளை, பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம், நிறையப் பெற்றோர்கள் மறுத்ததால் மார்ச்சுக்கும் நீண்டது. வாட்ஸாப் குழுவில் நீளமாக ஒன்று எழுதினேன், எண்களோடு. இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் "மேத்ஸ் மேம், லைஃப் இஸ் நாட் ஈக்வேஷன்" என்று போட்டார். அதற்குப் பதினொரு கட்டைவிரல்.

பாத்திரம் தேய்ப்பவரிடம் வளைகோடு செல்லவில்லை. அக்காவைக் காட்டினேன். அக்காவை அவருக்குப் பத்து வருஷமாகத் தெரியும், கைஜாடையில் இருவரும் என்னைக் கேலி செய்வார்கள். "இவளுக்கு இப்படி ஆனது இந்த நோயாலதான் இருக்கணும். வயித்துல இருக்கும்போது எங்கம்மாவுக்கு வந்தது" என்றேன். அவர் அக்காவின் கண்ணைப் பார்த்தார், பிறகு என்னை. "இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னாக்கா?" என்றார். நியாயமான கேள்வி. மார்ச் முதல் வாரம் ஒரு காலை, நான் வகுப்புக்கு விடுப்பு சொல்லிவிட்டு, நாங்கள் நான்கு பேரும் மந்தைவெளிப் பக்கம் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். பதினான்கு வயதுக்காரி முதலில் கை நீட்டினாள். என் மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் அழவில்லை என்றதும் தானும் நீட்டினாள். இருவர் நகத்திலும் மை வைத்தார்கள். அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து அனுப்பினார்கள்.

அம்மாவிடம் சொல்வதா என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். முப்பத்தேழு வருஷமாக ஊக்கு என்று நம்பியிருக்கிறாள். உறுதியாக எனக்கும் தெரியாது. ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. கடைசியில் ஒருநாள் சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன், அக்கா வயிற்றில் இருந்தபோது காய்ச்சல், தடிப்பு ஏதாவது வந்ததா என்று.

கை நின்றது. "வந்துதே. கிரகணத்துக்கு ஒரு பத்து நாள் முன்னாடி. மூணு நாள் செவசெவன்னு. வேப்பிலை சொருகிண்டு படுத்துண்டேன். அம்மைன்னு சொல்லி யாரும் கிட்டயே வரலை."

கிரெக்கைப் பற்றி, வைரஸைப் பற்றி, கண் உருவாகும் வாரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். ஊக்கு இல்லைம்மா என்றேன். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பொங்கலுக்கு உங்க பெரியப்பா பிள்ளை திருச்சிலேர்ந்து வந்திருந்தான். அப்போ அவனுக்குப் பதினாறு வயசு. அவனுக்கும் மேலெல்லாம் தடிச்சிருந்தது. வேர்க்குருன்னு நெனச்சோம். நான்தான் அவனுக்கு மோர் கரைச்சுக் குடுத்தேன்."

இரண்டு, மூன்று வாரம். வைரஸ் உள்ளே ஊற எடுத்துக்கொள்ளும் காலம் சரியாக அதுதான். நான் அதைச் சொல்லவில்லை. பாதிப் பேருக்குத் தடிப்பே வராதும்மா, கபாலி கோயில் கூட்டத்தில், பஸ்ஸில், யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, கணக்கில் ஆள் பெயர் கிடையாது என்றேன். அது உண்மைதான். அம்மா கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை.

"அவன்கிட்ட சொல்லிடாதே" என்றாள். "என்னோடேயே இருக்கட்டும், ஊக்குன்னே இருக்கட்டும்."

அந்த அண்ணாதான் அக்காவின் காது கருவிக்குப் பேட்டரி வாங்கித் தருகிறவர். முப்பது வருஷமாக, எந்த ஊரில் வேலை பார்த்தாலும், வரும்போதெல்லாம் ஒரு பெட்டி. ஏப்ரலில் அறுபத்துமூவருக்கு வந்தார். வெயிலில் மாடவீதியைச் சுற்றிவிட்டு வேர்த்து வழிய உள்ளே வந்து உட்கார்ந்ததும், அக்கா அவர் பையைப் பிடுங்கிப் பேட்டரியைத் தேடினாள். அவர் இல்லை என்று கைவிரித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வருஷா வருஷம் அதே விளையாட்டு. அம்மா மோர் கரைத்துக் கொண்டுவந்தாள். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, அவர் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.